எச்சில் கொடுத்தால் பிரஷர் இறங்குமா?

கேள்வி: எனக்குப் பிரஷர். 'உங்கள் மரபணுவுக்கேற்ற உடற்பயிற்சி' என்ற பேஸ்புக் விளம்பரத்தை நம்பி, 38,000 ரூபாய் கட்டி எச்சில் மாதிரி அனுப்பினேன். அறிக்கை முழுக்க ஆங்கிலம். மகள்தான் வாசித்துச் சொன்னாள். நடை எனக்குப் பலன் தராதாம், பாரம் தூக்க வேண்டுமாம். நடையை விடட்டுமா? – ஆரையம்பதி

பதில்: விடாதீர்கள் ஐயா. நாளைக் காலையும் கடற்கரைப் பக்கம் நடங்கள்.

பிரஷர் பரம்பரையாக வரும் என்பது உண்மை. ஆனால் அது ஒன்றிரண்டு ஜீனின் வேலையில்லை. 2018இல் பத்து லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்தபோது, பிரஷரோடு தொடர்புள்ள 535 புது மரபணு இடங்கள் ஒரேயடியாகத் தெரியவந்தன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சொற்பம். ஒரே பயிற்சி எல்லா உடம்புக்கும் ஒரே மாதிரி ஏறாது என்பதும் மெய்தான். 'ஹெரிட்டேஜ்' ஆய்வில் குடும்பம் குடும்பமாக 20 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்கு உடல்திறன் நன்றாகக் கூடியது, சிலருக்கு அசையவே இல்லை. ஆனால் அதை வைத்து 'நீ நட, நீ தூக்கு' என்று ஆளாளுக்குச் சொல்லும் நிலைக்கு அறிவியல் இன்னும் வரவில்லை. கடைச்சரக்காக விற்கும் இந்தப் பரிசோதனைகளைக் கொண்டு பயிற்சி வகுக்க வேண்டாம் என்று விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் 2015லேயே எழுதிவிட்டார்கள்.

கிளினிக்கில் கேட்காமல் பாரம் தூக்கவும் தொடங்காதீர்கள். மூச்சை அடக்கித் தூக்கும்போது பிரஷர் சட்டென்று எகிறும்.

எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. காசு கேட்கும் விளம்பரம் நல்ல தமிழில் வரும். 'இது மருத்துவ ஆலோசனை அல்ல' என்ற வரி மட்டும் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் கிடக்கும். பிரஷருக்கு மாத்திரை போடுகிற மனிதர் கட்டாயம் வாசிக்க வேண்டிய வரியே அதுதான். மட்டக்களப்பில் தமிழில் விற்றவர்கள் எச்சரிக்கையையும் தமிழில், காசு வாங்கும் முன்னே சொல்லியிருக்க வேண்டும். ஐயா, பிழை உங்களுடையதில்லை. விளம்பரம், பணம் கட்டிய சிட்டை, அறிக்கை மூன்றையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதம் கடக்க விடாதீர்கள். தொலைபேசி 1977.

கேள்வி: மணிக்கட்டில் கட்டும் பிரஷர் மெஷின் ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு கணக்குக் காட்டுகிறது. – அக்கரைப்பற்று

பதில்: அப்படி ஒன்று என் அலுமாரியிலும் கிடக்கிறது. கடையில் மாற்றித்தர மறுத்துவிட்டார்கள். மேற்கையில் கட்டுவதை வாங்குங்கள், பட்டி உங்கள் கை அளவுக்குப் பொருந்த வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, இரண்டு தரம் பாருங்கள். அடுத்த கிளினிக் நாளில் மெஷினையும் கொண்டுபோய் அங்குள்ளதோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஆர்டர் கொடுத்து 15,000 அனுப்பினேன். பில் கேட்கவில்லை. இப்போது நம்பரே வேலை செய்யவில்லை. – ஏறாவூர்

பதில்: பில் இல்லாமல் காசு அனுப்பாதீர்கள் என்று எத்தனை தரம்தான் எழுதுவது? வங்கிச் சிட்டையோடு இன்றைக்கே பொலிசுக்குப் போங்கள்.

கேள்வி: ஜீன் பார்த்துக் கொடுக்கும் சத்துமாவைக் குடித்தால் மாத்திரையை நிறுத்தலாமாம். உண்மையா? – களுவாஞ்சிகுடி

பதில்: பொய். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.