விலை உயர்ந்த ஆடியோ சாதனங்களைப் பழுதுபார்க்க நம்பகமான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்டியைத் திறப்பதற்கு முன் அவர் என்னென்ன கேட்கிறார் என்று பாருங்கள். பெயர்ப்பலகை, நிறுவன அங்கீகாரம் எல்லாம் அதற்கு அடுத்துத்தான். உங்கள் சாதனத்துக்கு உத்தரவாதம் முடிந்திருக்கும், சேவை மையம் கையை விரித்திருக்கும், "இதற்குப் புதிதே வாங்கிவிடலாம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சை நானும் கேட்டவன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஓர் ஆம்ப்ளிஃபயர். பல ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் உழைத்தது. பிறகு இடது பக்க ஸ்பீக்கரில் ஒலி மங்கத் தொடங்கியது. தணிவாக வைத்தால் அந்தப் பக்கம் ஊமையாகிவிடும். சற்றுக் கூட்டினால் சட்டென்று திரும்பிவிடும். சேவை மையத்தில் இதையெல்லாம் விளக்கினேன். மேசையில் இருந்தவர் படிவத்தில் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதிக்கொண்டார். அதன் பிறகு வாரக்கணக்கில் தகவல் இல்லை. அழைக்கும்போதெல்லாம் வேறொருவர் எடுப்பார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடைசியில் வந்த பதில்: வெளியீட்டு போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும், அது இப்போது தயாரிப்பில் இல்லை, பழையதைக் கொடுத்துவிட்டுப் புது மாடலைத் தள்ளுபடியில் எடுத்துக்கொள்ளலாம். என்னதான் பழுது என்று கேட்டேன். "போர்டு பழுது" என்றார்கள். இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

தனியாக வேலை செய்யும் ஒரு டெக்னீஷியனின் எண்ணை நண்பர் கொடுத்தார். அவர் தொலைபேசியிலேயே கேட்கத் தொடங்கிவிட்டார். "ஒலியைக் கூட்டினால் திரும்பி வருகிறதா? பின்னால் இடது வலது கம்பிகளை மாற்றிச் செருகினால் குறையும் பக்கம் மாறுகிறதா? சூடான பிறகு வருகிறதா, போட்டவுடனேயே வருகிறதா?" பதில்களைக் கேட்டுவிட்டு, "ரிலேயாக இருக்கலாம், திறந்து பார்த்துத்தான் உறுதியாகச் சொல்வேன்" என்றார். ரிலேதான். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் சில விநாடிகள் கழித்து 'டிக்' என்று கேட்குமே, ஸ்பீக்கரை இணைக்கும் அந்தச் சிறு சுவிட்ச். அதன் தொடுமுனைகளில் காலப்போக்கில் கறுப்புப் படலம் படியும். மெல்லிய சிக்னல் அதைத் தாண்டாது, பெரிய சிக்னல் தாண்டிவிடும். ஒரு முழு போர்டைப் பலி கொடுக்கச் சொன்னது இத்தனைச் சிறிய உறுப்புக்காக!

அவர் அதோடு நிறுத்தவில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் (டிசி) கசிகிறதா என்று பார்த்தார். அது சில மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை, பல வோல்ட் என்றால் ஸ்பீக்கர் கருகிவிடும். சர்வீஸ் மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆம்ப்ளிஃபயர் நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்து பயாஸை, அதாவது ஒலி இல்லாதபோதும் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு மின்னோட்டத்தை, சரிசெய்தார். மாற்றிய ரிலேக்களை ஒரு பையில் போட்டு, அளவுகளை எழுதிய தாளோடு என்னிடம் தந்தார். நீங்களும் பழைய உறுப்புகளைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குகிறவரிடம் அடுத்த முறை போகாதீர்கள்.

உறுப்புகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் கேளுங்கள். டோஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 போன்ற புகழ்பெற்ற டிரான்சிஸ்டர்களுக்குப் போலிகள் ஏராளம். வெளியே அச்சு அப்படியே இருக்கும், உள்ளே சிலிக்கான் சில்லு சிறிதாக இருக்கும், பளு ஏறியதும் வெடிக்கும். திறந்தும் பார்க்காமல் "கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்" என்பவரிடமும் எச்சரிக்கை தேவை. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வெப்பத்தில் உலர்ந்துபோவது உண்மைதான். ஃபிலிம் வகை பல பத்தாண்டுகள் தாங்கும். அளக்காமல் எல்லாவற்றையும் பிடுங்கினால் பழைய போர்டின் செம்புத் தடங்கள்தான் உரியும்.

நிறுவனச் சேவை எல்லாமே மோசம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உத்தரவாதம் இருக்கும்வரை அங்கேயே கொடுங்கள். மென்பொருளால் இயங்கும் ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஒலிக்கும் கருவி), டேக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றுவது) போன்றவற்றுக்குப் பெரும்பாலும் அவர்களை விட்டால் வழியில்லை. தனி ஆட்களிலும் அரைகுறைகள் உண்டு. டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழல்களால் இயங்கும் வால்வ் ஆம்ப்ளிஃபயரை அப்படிப்பட்டவரிடம் கொடுக்கவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சரியாகி வந்த ஆம்ப்ளிஃபயரில் பழைய பதிவுகளையும், அவற்றின் ஒலியை மறுபடி சீரமைத்து வெளியிட்ட 'ரீமாஸ்டர்' வடிவங்களையும் மாறி மாறிக் கேட்டேன். 1982இல் சிடி வந்தபோதே 16 பிட்டில், மிக மெல்லிய ஒலிக்கும் மிக வலுத்த ஒலிக்கும் இடையே ஏறக்குறைய 96 டெசிபல் வீச்சு கிடைத்துவிட்டது. அத்தனை இடம் இருந்தும் மெல்லிய ஒலி, வலுத்த ஒலி எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு நசுக்கி விற்கிறார்கள். ரகசியம் போலப் பாடிய குரல் இப்போது முரசுக்குச் சமமாக முகத்தில் அறைகிறது. இதை எந்த டெக்னீஷியனாலும் சரிசெய்ய முடியாது.

அனுப்பிப் பழுதுபார்ப்பதாக இருந்தால், கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மூலப் பெட்டி இல்லையென்றால் பெட்டிக்குள் பெட்டியாக, நடுவில் அழுத்தமான ஃபோம் வைத்துக் கட்டுங்கள். இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிள் என்றால் அதன் சுழலும் தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றி, ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மை அசையாதபடி கட்டி, ஊசிக்கு மூடி போட்டு அனுப்புங்கள்.