ஒன்பது வயது மூக்கு

கேள்வி: கொரோனா வந்துபோய் 8 மாதமாகிறது. முதலில் வாசனையே தெரியவில்லை. இப்போது எல்லாம் மாறித் தெரிகிறது. காபி சாக்கடையாக நாறுகிறது, வெங்காயம் வதக்கினால் ரப்பர் எரிகிற வாடை. கருவாடுதான் எங்கள் பிழைப்பு. நல்லதும் கெட்டதும் எனக்கு ஒரே நாற்றம். 9 வயது மகளை முகரச் சொல்லிச் சமாளிக்கிறேன். 30 வருஷம் கருவாடு போட்ட மாமியாருக்குத் தெரிந்தால் கேவலம். எப்போது சரியாகும்?
- பாம்பன் வாசகி

பதில்: மகளே, அதற்கு நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. சிலருக்கு மாதங்கள், சிலருக்கு வருஷங்கள். போகிறபோக்கில் நீ எழுதிய வரிக்கு வருகிறேன். "மகளை முகரச் சொல்லிச் சமாளிக்கிறேன்."

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை நெத்திலிக் கூடையில் மூக்கை வைத்து "நல்லாருக்கும்மா" என்றால் அது சந்தைக்குப் போகிறது. ஒருநாள் அவள் தவறிச் சொல்லி, வாங்கியவர் வீட்டில் யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போனால் அந்தப் பழி யார் தலையில்? அப்பத்தாவிடம் வாய் திறக்காதே என்றும் சொல்லியிருப்பாய். வேறெப்படி இத்தனை நாள் மறைத்தாய்?

30 வருஷம் பழகிய மூக்கு உன் வீட்டிலேயே இருக்கிறது. மாமியார் ஒரு சொல் சொல்லிவிடுவார் என்று பயந்து பிள்ளை மேல் சுமையை ஏற்றுவது எந்த ஊர் நியாயம்? பெரியவர்கள் பின்னே எதற்கு இருக்கிறார்கள்? வீட்டுக் கஷ்டத்தை முதலில் தாங்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இதில் கேவலம் எங்கே வந்தது? மூக்குக்குள் வாசனை நரம்புகளைத் தாங்கி நிற்கும் செல்களைத்தான் அந்தக் கிருமி தாக்குகிறது. நரம்பு திரும்ப வளரும்போது இணைப்பு மாறிவிட்டால் காபி சாக்கடையாகத் தெரியும் என்கிறார்கள் மருத்துவர்கள். உன் கைப்பக்குவத்தில் குற்றமில்லை.

ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம். காலையும் இரவும் ஒவ்வொன்றையும் 10, 20 விநாடி, பழைய வாசனையை நினைத்தபடி முகர்ந்து வா. குறைந்தது 12 வாரம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009-ல் வெளியிட்ட பயிற்சி இது. எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பார்த்துவிடு.

இன்னொன்று. கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் சமையல் கேஸில் நாற்றம் சேர்க்கிறார்கள். அது உனக்குத் தெரிகிறதா? நீ எழுதவே இல்லை. அடுப்பு வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடு.

இன்றைக்கே அத்தையிடம் சொல். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொல், அவளும் கேட்கட்டும். நாளைக் காலையில் கூடை அத்தை முன்னால் இருக்கட்டும்.