வாசகர் கேள்வி: நடை ஓட்டமாகும் இடத்தில் கால் வழுக்குவது ஏன்?

கேள்வி: நான் உருவாக்கிய கணினிக் கதாபாத்திரம் நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும்போது கால்கள் தரையில் வழுக்குகின்றன, முழங்கால்களும் தொய்ந்துவிடுகின்றன. பிளெண்டிங் (ஓர் அசைவை மற்றொன்றோடு கலந்து மாற்றுதல்) நேரத்தை 0.2 நொடியிலிருந்து 0.5 நொடியாகக் கூட்டியும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நேரத்தைக் கூட்டினால் வழுக்கல் இன்னும் நெடுநேரம் கண்ணில் படும், அவ்வளவுதான். பிளெண்டிங் இரு அசைவுகளின் சராசரியையே தருகிறது என்பதால், ஒன்றில் வலது காலும் மற்றொன்றில் இடது காலும் ஊன்றியிருக்கும் தருணத்தில் அவற்றைக் கலந்தால், எந்தக் காலும் உறுதியாக ஊன்றாத ஒரு நிலையே கிடைக்கும்.

உங்கள் நடைச் சுழற்சி (இரு கால்களும் ஒருமுறை அடியெடுத்து முடிக்கும் அசைவு) 32 ஃபிரேம், ஓட்டச் சுழற்சி 20 ஃபிரேம் என்றும், இரண்டிலும் இடது கால் தொடக்கத்திலும் வலது கால் சரிபாதியிலும் ஊன்றுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நடையின் 16-வது ஃபிரேமில் மாற்றம் தொடங்கினால், ஓட்டத்தை முதலிலிருந்து அல்லாமல் 10-வது ஃபிரேமிலிருந்து எடுக்க வேண்டும். அதன் பிறகும் கலப்பு முடியும்வரை இரண்டும் சுழற்சியின் ஒரே விகிதத்தில் நகர வேண்டும். அதற்காக நடையைச் சற்று விரைவாகவும் ஓட்டத்தைச் சற்று மெதுவாகவும் ஓட்டி, சுழற்சியின் நீளம் 32 ஃபிரேமிலிருந்து 20-க்குப் படிப்படியாகக் குறையும்படி அமையுங்கள். உடல் முன்னேறும் வேகமும் அதே எடைகளின்படி (ஒவ்வொரு கணத்திலும் நடையும் ஓட்டமும் கலக்கும் விகிதத்தின்படி) மாறாவிட்டால் வழுக்கல் திரும்பிவிடும்.

கையோ தோளோ திடீரென்று எதிர்ப்பக்கம் சுழன்றால், கோணங்களை வெறும் எண்களாகக் கலக்கிறீர்கள் என்று பொருள். 170 பாகைக்கும் -170 பாகைக்கும் உள்ள இடைவெளி உண்மையில் 20 பாகைதான். ஆனால் எண்களின் சராசரி 0 என வந்து, கையை நேர் எதிர்த்திசைக்குத் திருப்பிவிடும். கென் ஷூமேக் 1985-இல் அனிமேஷனுக்கு அறிமுகப்படுத்திய குவாட்டர்னியன் முறை (ஒரு சுழற்றலை நான்கு எண்களால் குறிப்பது), குறுகிய பாதையைத் தேர்ந்து பயன்படுத்தினால், இதைத் தவிர்க்கும்.

அடிபட்டுச் சரிவதுபோல், பொருத்துவதற்குச் சுழற்சியே இல்லாத மாற்றங்களுக்கு, டேவிட் பொல்லோ 2018-இல் விளக்கிய இனர்ஷியலைசேஷன் ஏற்றது. பழைய அசைவைத் தொடர்ந்து கணக்கிடாமல், மாறும் கணத்தில் உள்ள நிலை வேறுபாட்டையும் வேக வேறுபாட்டையும் குறித்துக்கொண்டு, அவற்றைப் புதிய அசைவின் மீது சேர்த்து, சில ஃபிரேம்களில் சுழியமாகத் தேய்ப்பதே அம்முறை.

ஊன்றிய பாதத்தை ஐகே (பாதம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கால் மூட்டுகளின் கோணங்களைக் கணக்கிடும் முறை) கொண்டு தரையில் பூட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பலர் அதிலிருந்தே தொடங்கி, கால்கள் பொருந்தாத குறையை மறைத்துவிடுகிறார்கள். அதற்கு முன், கால்வாசி வேகத்தில் ஓடவிட்டு, பாதங்களை மட்டும் பாருங்கள்.