லிட்டில் ராக்: வாசலைக் கடந்த பின்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், வெள்ளையர் மட்டுமே படித்துவந்த லிட்டில் ராக் மத்திய உயர்நிலைப் பள்ளி பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். ராணுவம் வந்து ஒன்பது கறுப்பின மாணவர்களை உள்ளே அழைத்துச் சென்றதோடு 1957-லேயே சிக்கல் தீர்ந்துவிட்டதே? அதை ஏன் முடிவடையாத வரலாறு என்கிறீர்கள்?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த நாட்களின் புகைப்படங்களை மட்டும் பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். வீட்டில் தொலைபேசி இல்லாததால், மற்றவர்களோடு சேர்ந்து வரவேண்டும் என்ற தகவல் எட்டாமல், செப்டம்பர் 4 அன்று தனியே வந்த பதினைந்து வயது எலிசபெத் எக்ஃபோர்டை ஆளுநர் ஃபாபஸ் நிறுத்திவைத்த மாநிலக் காவற்படை மறித்தது. வசைபாடும் கூட்டம் அவரைப் பின்தொடர்ந்தது. மூன்று வாரங்களில் அதிபர் ஐசனோவர் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவை அனுப்பினார். செப்டம்பர் 25 அன்று ஒன்பது பேரும் வாசலைக் கடந்தார்கள்.

ஆனால் பள்ளி என்பது வாசல் மட்டுமல்ல. தாழ்வாரம் வரை துணைவந்த படைவீரர்கள் வகுப்பறைக்குள்ளும் கழிப்பறைக்குள்ளும் வரவில்லை. அடியும் உதையும் எச்சிலும் அங்கேதான் காத்திருந்தன. விளையாட்டு, இசைக்குழு போன்ற எதிலும் அவர்களுக்கு இடமில்லை. உணவறையில் தன்னை வழிமறித்த பையன்கள்மீது தட்டிலிருந்த குழம்பைக் கொட்டியதற்காக மினிஜீன் பிரவுன் தற்காலிகமாக விலக்கப்பட்டார். 1958 பிப்ரவரியில் முற்றாக வெளியேற்றப்பட்டார். ஒன்பது பேரில் அந்த ஆண்டு மே மாதம் பட்டம் பெற்றவர், இறுதி வகுப்பில் படித்த எர்னஸ்ட் கிரீன் ஒருவரே.

அதற்குப் பின் நடந்ததுதான் என்னை மிகவும் வருத்துகிறது. இரு இனத்தவரும் ஒரே பள்ளியில் படிக்கும் ஒருங்கிணைப்பைத் தள்ளிப்போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1958 செப்டம்பரில் தீர்ப்பளித்ததும், ஃபாபஸ் நகரின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடினார். அதே மாத இறுதியில் நடந்த வாக்கெடுப்பில் ஒருங்கிணைப்புக்கு எதிராக 19,470 பேரும் ஆதரவாக 7,561 பேரும் வாக்களித்தனர். கறுப்பினக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் அமர்வதைவிடத் தம் குழந்தைகளுக்குப் பள்ளியே இல்லாமல் போவது மேல் என்று ஒரு நகரத்தின் பெரும்பான்மை தன் கையாலேயே எழுதிக்கொடுத்தது. ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட ஆசிரியர்கள் நாள்தோறும் வந்து காலி வகுப்பறைகளில் அமர்ந்திருந்தார்கள். 'இழந்த ஆண்டு' என்றே அங்குள்ளோர் அதைச் சொல்கிறார்கள்.

மூடிய பள்ளிகளைத் திறக்க வெள்ளையினப் பெண்கள் ஓர் அமைப்பாகத் திரண்டதையும் சொல்லியாக வேண்டும். 1959 மே மாதம் பள்ளிக் குழுவிலிருந்த இனப் பிரிவினை ஆதரவாளர்கள் 44 ஆசிரியர்களையும் பள்ளி அலுவலர்களையும் நீக்க முற்பட்டபோதுதான் நகரம் விழித்தது. அந்த ஆதரவாளர்களுள் மூவரை வாக்காளர்கள் வாக்களித்துப் பள்ளிக் குழுவிலிருந்து நீக்கினர். ஆகஸ்டில் பள்ளிகள் திறந்தன.

ஒன்பது பேரில் ஜெஃபர்சன் தாமசும் கார்லோட்டா வால்சும் மத்திய பள்ளிக்குத் திரும்பினார்கள். 1960 பிப்ரவரியில் கார்லோட்டாவின் வீட்டில் குண்டு வெடித்தது. அவர் படிப்பை விடவில்லை. மே மாதம் பட்டம் பெற்றார்.

அன்புடன்.