அப்பாவின் பாஸ்போர்ட்டில் மகளுக்கு லேப்டாப் வாங்கலாமா?

கேள்வி: 2026 அக்டோபர் 24 முதல் நவம்பர் 10 வரை டோக்கியோவில் இருப்போம். மகள் அங்கே நிஷி-கசாயில் குடியிருக்கிறாள், ஐ.டி. வேலை. அரிசி குக்கர், சாக்லேட், சலோன்பாஸ், மருமகளுக்கு முகக் கிரீம் எல்லாம் வாங்க வேண்டும். வெளிநாட்டவருக்கு 10 சதவீத வரி கிடையாதாமே? மகளும் தன் லேப்டாப்பை என் பாஸ்போர்ட்டில் வாங்கிக்கொள்கிறேன் என்கிறாள். கடையில் ஒட்டித் தரும் பையைப் பிரித்துவிட்டால் விமான நிலையத்தில் பிடிப்பார்களா? (திருச்சி வாசகர்)

பதில்: பையைப் பிரித்ததற்காக உங்களை யாரும் உள்ளே தள்ள மாட்டார்கள் ஐயா. கழித்துக் கொடுத்த வரியைச் சுங்கத்தில் கட்டச் சொல்வார்கள், கட்டிவிட்டு விமானம் ஏறலாம். எனக்குக் கவலை அந்த லேப்டாப்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பை. தின்பண்டம், மருந்து, கிரீம் போன்ற தீர்ந்துபோகும் பொருள்களை வரியில்லாமல் வாங்கினால், ஜப்பானை விட்டுக் கிளம்பும்வரை அந்தப் பையைத் திறக்கக் கூடாது. ஒரே கடையில் ஒரே நாளில், வரி சேர்க்காமல் 5,000 யென்னுக்காவது வாங்கியிருக்க வேண்டும். விலைச்சீட்டில் பெரும்பாலும் இரண்டு தொகை இருக்கும். கண்ணில் படுகிற பெரிய எழுத்து வரி சேராதது, பக்கத்தில் எறும்பு மாதிரி ஊர்வது வரி சேர்ந்தது. வரி சேர்ந்த விலையைக் காட்டியே ஆக வேண்டும் என்று 2021 ஏப்ரலில் கட்டாயமாக்கினார்கள். எந்த அளவு எழுத்தில் என்று கேட்பாரில்லை போலும்! 5,000 கணக்குக்குப் பெரிய எழுத்தைப் பாருங்கள். சாக்லேட்டுக்கு வரி 8 சதவீதம்தான், மற்றதற்கெல்லாம் 10. நடந்து நடந்து கால் வலித்து அன்றிரவே சலோன்பாஸ் ஒட்டிக்கொள்ள வேண்டுமென்றால், ஒரு பெட்டியை மட்டும் தனி பில் போட்டு வரியோடு வாங்கிவிடுங்கள். நூறு யென் சொச்சத்துக்காகப் பையைப் பிரிக்காதீர்கள்.

இதெல்லாம் அக்டோபர் 31 வரை. உங்கள் பயணம் சரியாக இரண்டு சட்டத்தின் நடுவில் விழுகிறது. நவம்பர் 1 முதல் கடையில் வரி கழிக்க மாட்டார்கள். முழு விலையும் கொடுத்து வாங்கி, 90 நாளுக்குள் நாட்டை விட்டுப் போகும்போது சுங்கத்தில் பதிவு செய்தால்தான் வரி திரும்பி வரும். ஒட்டிய பை என்ற தொல்லை ஒழிகிறது, நல்லதுதான். ஆனால் பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே இந்த வேலையை முடிக்க வேண்டும். பொருளைக் காட்டு என்று அதிகாரி கேட்டால் பெட்டி கையில் இருக்க வேண்டுமல்லவா? பதிவு செய்யாமல் ஏறிவிட்டால் அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள். கள்ளத்தனம் செய்கிற நாலு பேரைப் பிடிக்கத் தெரியாமல், கிரீம் வாங்கிய பாட்டிகளை எல்லாம் விடியற்காலையில் இன்னொரு வரிசையில் நிறுத்துகிறார்கள். இதற்குப் பெயர் சீர்திருத்தம்.

இனி லேப்டாப். கூடாது. வரிவிலக்கு உங்களைப் போலக் குறுகிய கால வருகையாளராக வந்தவருக்கு. மகள் அங்கே வேலை பார்ப்பவள், அவளுக்குக் கிடையாது. "அவள் இந்தியப் பாஸ்போர்ட்தானே வைத்திருக்கிறாள்?" என்று கேட்பீர்கள். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கடைக்காரர் பார்ப்பதில்லை, அதில் என்ன தகுதியில் நுழைந்ததாகப் பதிவாகியிருக்கிறது என்றுதான் பார்ப்பார். "அவள் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லையே?" வேலைக்கென்று போனவளுக்கு முதல் நாளிலிருந்தே இல்லை. "என் மருமகன் மாணவர் விசாவில்தான் இருக்கிறார்?" 2023 ஏப்ரலில் அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். "நான் என் பணத்தில் வாங்கி மகளுக்குப் பரிசாகக் கொடுத்தால்?" பொருள் ஜப்பானிலேயே தங்கிவிடுகிறதே, அதுதான் தவறு. உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு அந்த லேப்டாப் சுங்கத்தின் கணினியில் ஏறியிருக்கும். புறப்படும்போது "எங்கே பொருள்?" என்றால் மகளின் வீட்டில் இருக்கிறது என்றா சொல்வீர்கள்? நவம்பர் 1க்குப் பிறகு வாங்கினால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பொருள் வெளியே போகாததால் வரி திரும்பாது.

மகளாவது வீட்டுப் பிள்ளை, ஆசையில் கேட்கிறாள். நான் சொல்ல வந்தது வேறு ஒரு கூட்டத்தைப் பற்றி. வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வருவார். "அண்ணா, பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டுக் கடைக்கு வந்தா போதும், பணம் நான் தர்றேன், உங்களுக்கு 5,000 யென் கமிஷன்" என்பார். ஐபோன், கைக்கடிகாரம், அழகுப் பொருள் என்று உங்கள் பெயரில் வாங்கி உள்ளூரிலேயே வரி சேர்ந்த விலைக்கு விற்பார். அவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது, உங்களுடையது இருக்கும். இந்த மறுவிற்பனை எந்த அளவுக்கு நடந்தது என்றால், வரியில்லாமல் விற்றது செல்லாது என்று ஆப்பிளின் ஜப்பான் கிளைக்கே ஏறத்தாழ 1,300 கோடி யென் கூடுதல் வரி விதித்த செய்தி 2022 இறுதியில் வந்தது. இப்போது முறையையே மாற்றுவதும் இவர்களால்தான். பாஸ்போர்ட்டை உங்கள் கையாலேயே நீட்டி, உங்கள் கையாலேயே திரும்ப வாங்குங்கள். நகலும் போனில் எடுத்த படமும் கடையில் செல்லாது என்பதால், "நான் போய் முடித்துவிட்டு வருகிறேன், அசலைக் கொடுங்கள்" என்று உதவ வருபவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம்.

சில பெரிய கடைகள் திருப்பித் தரும் வரியில் ஒரு பங்கைச் சேவைக் கட்டணமாகப் பிடித்துக்கொள்ளும், கேட்டுவிட்டு வாங்குங்கள். கார்டு தேய்க்கும்போது ரூபாயா யென்னா என்று இயந்திரம் கேட்டால் யென் என்றே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விலையில், நீங்கள் மிச்சம் பிடித்த வரியில் பாதி போய்விடலாம். பாக்கியை மகள் பார்சலில் அனுப்பட்டும் என்றும் நினைக்காதீர்கள். தனியாக அனுப்பும் பொருளுக்கு இருந்த சலுகை 2025 மார்ச்சோடு முடிந்தது.

குக்கர் கேட்டீர்களே, அதற்கு வரியைவிட மின்சாரம்தான் முக்கியம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம் வீட்டில் 230. உள்ளூர் மாடலை இங்கே கொண்டுவந்து செருகினால் முதல் நாளே கருகிவிடும். பின்னை மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. டோக்கியோவின் அகிஹபரா பகுதியிலுள்ள பெரிய மின்சாதனக் கடைகளில் வெளிநாட்டுக்கான மாடல்களைத் தனியாக வைத்திருப்பார்கள். 220 முதல் 240 வோல்ட் என்று குக்கரின் அடியில் அச்சிட்டிருந்தால் வாங்குங்கள். விற்பவர் வாயால் சொன்னால் போதாது, கவிழ்த்துப் பாருங்கள்.