வாசகர் கேள்வி பதில்: சுவரில் வரைய வேண்டிய முகங்கள்

கேள்வி: மேலூர்ப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்களின் உருவப்படங்களை மாணவியரைக் கொண்டு பள்ளிச் சுவரில் வரைய விரும்புகிறோம். தேடினால் வெளிநாட்டுப் பெண்களின் படங்களே கிடைக்கின்றன. யாரை வரையலாம்?
– ஓர் ஆசிரியை, மேலூர்

பதில்: மிகவும் மகிழ்ச்சியான கேள்வி. புதுக்கோட்டையிலிருந்தே தொடங்குங்கள். 1886இல் அங்கே பிறந்து, ஆண்கள் மட்டுமே படித்துவந்த கல்லூரியில் போராடி இடம்பெற்று, மருத்துவராகி, 1927இல் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் துணைத் தலைவராக அமர்ந்த முத்துலட்சுமி ரெட்டியின் முகம் உங்கள் சுவரில் பெரிதாக இருக்க வேண்டும். அவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பையும் கையில் ஒரு மசோதாத் தாளையும் வரைந்தால், யார் இவர் என்று கேட்கும் சிறுமிக்குப் பாதி விடை படத்திலேயே கிடைத்துவிடும்.

அவருக்கு அடுத்து மார்கரெட் கசின்ஸ். அயர்லாந்தில் பிறந்து, வாக்குரிமைக் கிளர்ச்சிக்காக 1910இல் லண்டன் ஹாலோவே சிறையில் இருந்தவர் அவர். 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் உருவாக முன்னின்றவர்களுள் ஒருவர். அதே ஆண்டு டிசம்பரில் இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரை நேரில் கண்டு வாக்குரிமை கேட்டது. ஆகவே சரோஜினியையும் சேர்த்து மூவரை ஒரே வரிசையில் நிறுத்துங்கள். மதுரைக்காரர் ஒருவரும் வேண்டும் என்றால் கே. பி. ஜானகி அம்மாள் இருக்கிறார். நாடக மேடையில் பாடி, விடுதலைப் போரில் சிறை சென்று, 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியில் வென்றவர். வாக்குரிமை இயக்கத்தில் அவர் பங்கேற்கவில்லை, அதற்கு வயதும் இல்லை. அது விதைத்ததன் விளைச்சலாக அவரை வரையலாம்.

அமைப்புக்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் 2018இல் பிரிட்டனின் பெண்கள் வாக்குரிமைத் தலைவி மில்லிசென்ட் ஃபாசெட்டுக்குச் சிலை வைத்தபோது, அதன் பீடத்தைச் சுற்றி உடன் உழைத்த 59 பேரின் சிறு உருவங்களையும் பொறித்தார்கள். பஞ்சாப் அரச குடும்பத்து சோஃபியா துலீப் சிங்கும் அவர்களுள் ஒருவர். மேலே ஒருவர், கீழே அவரைத் தாங்கி நின்ற பலர் என்ற அந்த முறை, தூணிலும் பீடத்திலும் உருவங்களைப் பார்த்து வளர்ந்த நம் ஊர்க் கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களில் திருமலை நாயக்கருடன் அவருடைய அரசியரும் நிற்கிறார்கள். அவ்வழியே போவோர் வருவோரில் அந்த அரசியரின் பெயரைச் சொல்லக்கூடியவரைக் காண்பது அரிது. உங்கள் சுவரில் ஒரு முகமும் பெயரில்லாமல் இருக்கக்கூடாது.

வேலைக்கு வருவோம். சுவரைச் சுரண்டி வெள்ளையடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு, சுவர் விளம்பரம் எழுதுகிறவர்கள் செய்வதுபோல் நீலப்பொடி தோய்த்த நூலை இருவர் இழுத்துப் பிடித்து அடித்துக் கட்டம் போடுங்கள். புகைப்படத்தின் மீதும் அதே எண்ணிக்கையில் கட்டமிட்டு, ஒரு மாணவிக்கு ஒரு கட்டமாகப் பிரித்துக் கொடுங்கள். கண்களை மட்டும் ஒரே கை எழுதட்டும்.

கேள்வி: 1921இலேயே சென்னை மாகாணப் பெண்கள் அனைவரும் வாக்களித்தார்களா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: இல்லை. ஆங்கிலேயர் ஆண்ட மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை அவ்வாண்டு பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது உண்மை. ஆயினும் சொத்துத் தகுதி இருந்ததால் அது மிகச் சிலருக்கே பயன்பட்டது. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் 1951-52இல்தான் நடந்தது. அப்போதும் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வட மாநிலத்தவர், தம் சொந்தப் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே பதிந்திருந்ததால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். மேலூர் ஆசிரியை இந்தப் பதிலையும் படிப்பார் என்று நம்புகிறேன்: அந்தச் சுவரின் கடைசிக் கட்டத்தில் அவர்களுக்காக ஒரு முகத்தை வரைந்து, அதன் கீழே பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விடுங்கள்.