பையனை ஹோம்ல சேர்த்துடுவாங்களா?

கேள்வி: என் வீட்டுக்காரர் மில்லுக்குப் போறார், சனிக்கிழமை சம்பளம் வந்தா பாதி டாஸ்மாக்லயே போயிடுது, ராத்திரி ஒரே சண்டை, சில நாள் கையும் நீட்டுறார். எட்டாவது படிக்கிற பையன் அவர் தூங்குற வரைக்கும் முழிச்சே இருக்கான், ஒரு மாசமா ஸ்கூலுக்குப் போறதில்ல. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுலருந்து சோஷியல் வொர்க்கர் வருவாங்கன்னு ஹெச்.எம். சொல்றார். பையனை ஹோம்ல போட்டுடுவாங்கன்னு மாமியார் அழறாங்க. வேணாம்னு சொல்லிடவா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தாராளமா வரட்டும்மா. குழந்தையை இல்லத்துல சேர்க்கறது கடைசி வழியாத்தான் இருக்கணும்னு 2015 சிறார் நீதிச் சட்டமே சொல்லுது, வர்றவங்க தன்னிஷ்டத்துக்குக் கூட்டிட்டுப் போக முடியாது, அதை முடிவு பண்ண குழந்தைகள் நலக் குழு இருக்குன்னு மாமியார்கிட்ட சொல்லுங்க.

நல்ல சோஷியல் வொர்க்கர் வந்ததும் அட்வைஸ் பண்ண மாட்டாங்க. உங்ககிட்ட, பையன்கிட்ட, மாமியார்கிட்ட தனித்தனியா பேசுவாங்க. "அவர் குடிக்காத நாள்ல வீடு எப்படி இருக்கும்?"னு கேட்பாங்க. சாதாரண கேள்வின்னு நினைக்காதீங்க, அன்னிக்கு ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம், பையன் ஒன்பது மணிக்கே தூங்கிட்டான்னு நீங்க சொல்லும்போதே எந்த நாளை அதிகமாக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். எனக்கு என்ன தோணுதுன்னா, பையனுக்குப் படிப்பு மேல வெறுப்பு இல்ல, அம்மாவுக்கு அடி விழுமோன்னு காவல் காக்கறான், விடியக்காலைல கண்ணசர்றவன் எப்படி ஸ்கூலுக்குக் கிளம்புவான்? அவனைத் திட்டாதீங்க ப்ளீஸ்.

வீட்டுக்காரர்கிட்ட நாளைலருந்து குடியைத் தொடக் கூடாதுன்னு சத்தியமும் வாங்காதீங்க. தினமும் நிறைய குடிக்கிறவங்க சட்டுனு நிறுத்தினா கை நடுக்கம், ஃபிட்ஸ், பிதற்றல்னு உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டர் பார்த்துத்தான் நிறுத்தணும். அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல காட்டலாம். சென்னைல 1980ல ஆரம்பிச்ச டிடிகே மருத்துவமனை மாதிரி இடங்கள்ல குடிக்கிறவருக்கு மட்டுமில்ல, குடும்பத்துக்கும் கவுன்சிலிங் உண்டு, அந்தளவுக்கு இது வீட்டையே பாதிக்கிற வியாதி. வீட்டுக்கு வர்ற சோஷியல் வொர்க்கர், சம்பளத்தை உங்க அக்கவுண்ட்ல போடறது மாதிரி ஒரு சின்ன ஏற்பாட்டை அவர் வாயாலயே சொல்ல வைக்கப் பார்ப்பாங்க, நீங்களோ நானோ சொன்னா ஒரு வாரம் தாங்காது, அவரே சொன்னா நிக்க வாய்ப்பு இருக்கு.

ஒரு தடவை வந்துட்டுப் போனா எல்லாம் சரியாகாதும்மா. நடுவுல திரும்பவும் குடிப்பார், அப்ப வெட்கப்படாம அவங்களுக்கே போன் பண்ணுங்க. அவர் அடிச்சா பெண்கள் உதவி எண் 181, பையனுக்கு ஒண்ணுன்னா குழந்தைகள் உதவி எண் 1098, ரெண்டும் ராத்திரியும் எடுப்பாங்க. இந்த வாரமே ஹெச்.எம்.கிட்ட வரச் சொல்லிடுங்க, பையன் பேரை ரெஜிஸ்டர்லருந்து எடுத்துடாதீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க.